பொறந்த வீட்டுக் கோடி

இல்லண்ணே, இந்தப் பை மடியிலயே இருக்கட்டும். மேல வச்சா விழுந்துரும், கீழ வைக்கக் கூடாது. கனமெல்லாம் ஒண்ணுமில்ல, ஒரு சேலைதான். நீங்க நல்லா சாஞ்சு உக்காருங்க. மானாமதுரை வரைக்குமா? நானும் அங்கிட்டுத்தான். அதுக்கும் அந்தப் பக்கம், ஆவரங்குளம்னு ஒரு ஊரு. கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. எங்கக்காவக் கட்டிக்குடுத்த ஊரு. இன்னைக்கு அவளுக்குக் கருமாதி.

ஆமாண்ணே, கூடப்பொறந்தவ. பூச்செண்டுன்னு பேரு. நாங்க ரெண்டே பேருதான். நான் நடக்கப் பழகுறதுக்குள்ள எங்கம்மா போய்ச் சேந்துருச்சு. என்னைய இடுப்புல தூக்கிச் சொமந்தது பூராம் அவதான். என்னடா இவன் கருமாதிக்குப் போறவன் இப்படிக் கல்லு மாதிரி உக்காந்துருக்கானேன்னு பாக்காதீங்க. எனக்கு அழுகைய விடக் கோவந்தான் பெருசா இருக்கு. இந்தச் சேலை இன்னமும் எம் மடியில கெடக்குல்ல, அந்தக் கோவம்.

நீங்களும் நம்ம பக்கத்து ஆளு, ஒங்களுக்குச் சொல்லணுமா? கட்டிக்குடுத்த பொம்பள செத்துப்போனா, பொறந்த வீட்டுக் கோடி விழாம எடுக்க மாட்டாங்க. அதுவும் புருசன் இருக்கயில பூவும் பொட்டுமாப் போறவளுக்கு, கூடப்பொறந்தவன் தன் கையால புதுச்சேலை போத்தணும். அதுக்கப்பறந்தான் தூக்கணும். எப்பேர்ப்பட்ட குடும்பமா இருந்தாலும் காத்துக் கெடப்பாங்க. அதான முறை, அதான மரியாத? எனக்குக் காத்துக் கெடக்கலண்ணே. நான் கூப்புடு தூரத்துல நிக்கயிலயே எடுத்துட்டாங்க. வேணும்னே செஞ்சாங்கன்னு நான் சொல்லல. ஆனா செஞ்சுட்டாங்கல்ல?

மொதல்லருந்து சொல்றேன், நீங்களே நாயம் சொல்லுங்க.

நான் திருப்பூர்ல பெயிண்டு கடை வச்சிருக்கேன். வெள்ளைச்சாமி பெயிண்டுக் கடைன்னா அந்த ரோட்டுல யாரும் சொல்லுவாங்க. ஒத்த ஆளா நின்னு மேல வந்தவன். ஆனா காலத்துக்குத் தகுந்த மாதிரி மாறிக்கிட்டேன் பாருங்க, அதான் நம்ம வெற்றி. முன்னெல்லாம் வாய்க்கணக்குப் போட்டே சரக்கு குடுப்பேன். இப்ப ரெண்டையும் மூணையும் கூட்டணும்னாலும் போன எடுத்துருவேன். எம் பொண்டாட்டி நம்பரு என்னன்னு கேட்டா எனக்குத் தெரியாது. சிரிக்காதீங்க, நெசமாத்தான். எதுக்கு அதெல்லாம் மண்டையில சொமக்கணும்? அதுக்குன்னு ஒண்ணு சட்டைப்பையில இருக்கயில, நாம சொமந்தா அது கேணத்தனம்தான? மழை வருமான்னு வெளிய எட்டிப் பாக்குறதுகூட இல்ல. எம் பொண்டாட்டி இந்திராணிதான் மொனகுவா, "நனைஞ்சுட்டு உள்ள வந்து மழை வருமான்னு அதுகிட்டக் கேக்குறீகளே"ன்னு. அவ பழைய ஆளு.

அன்னைக்கு வெள்ளிக்கெழம. விடிஞ்சும் விடியாம மருமகன் கூப்புட்டான். அக்கா மகன், போஸுன்னு பேரு. "மாமா, அம்மா போயிருச்சு மாமா"ன்னான். அதுக்கு மேல ஒரே அழுகை. நாம ஆம்பள, ஆக வேண்டியதப் பாக்கணும்ல? "அழாத போஸு, இந்தா கெளம்பிட்டேன். நீ லொக்கேசன் போட்டு விடு"ன்னேன்.

அழுதுக்கிட்டிருந்தவன் அழுகைய நிறுத்திட்டான். அப்பறம், "நம்ம வீட்டுக்கா மாமா?"ன்னான்.

"ஆமாடா, லைவ் லொக்கேசன் போடு"ன்னேன். போட்டான். சொன்ன பேச்சத் தட்ட மாட்டான், நல்ல பய.

என்னண்ணே அப்படிப் பாக்குறீங்க? அந்த ஊரு எனக்குத் தெரியாத ஊரா? கல்யாணம் ஆன புதுசுல பொங்கலுக்குப் பொங்கல் சீரு கொண்டுக்கிட்டுப் போனவன் நான். கரும்புக் கட்டத் தோள்ல வச்சு, பஸ்ஸ விட்டு எறங்கி, கண்ணக் கட்டி விட்டாலும் போயிருவேன். அப்ப. இப்ப ரோடெல்லாம் மாறிப்போச்சுல்ல? நாலு வழிச் சாலைங்குறான், மேம்பாலங்குறான். மனுசன் எதத்தான் ஞாபகம் வச்சுக்குறது?

கடைசியாப் போனதா? இருங்க, சொல்றேன். போஸு கல்யாணத்துக்குப் போனேன். அவன் மகன் இப்பப் பள்ளிக்கூடம் போறான். போகலங்குறது பேருக்குத்தாண்ணே. வாரந்தவறாம வீடியோவுல பேசிருவேன், ஒரு வாரம் விட்டதில்ல. அவளுக்குத்தான் போன எப்படிப் புடிக்கணும்னு தெரியாது. ஒண்ணு வீட்டு விட்டம் தெரியும், இல்ல அவ காது தெரியும். எப்பவாச்சும் பாதி நெத்தியும் பொட்டும் தெரியும். "நேராப் புடிக்கா"ன்னு கத்துவேன். சிரிப்பா. சத்தம் மட்டும் கேக்கும். கடைசியில எப்பவும் ஒரே கேள்விதான், "எப்பய்யா வர்ற?" நான் சொல்லுவேன், "இப்பத்தான மூஞ்சிக்கு மூஞ்சி பாத்தோம், இன்னும் எதுக்கு?"ன்னு. பொங்கச் சீரக்கூட போன்லயே போட்டு விட்டுருவேன், ஒரு வருசம் தவறுனதில்ல. அவ கரும்பு கேப்பா. "அங்க இல்லாத கரும்பா, வாங்கிக்க"ன்னுருவேன். அவளுக்கு என்ன கொறை வச்சேன் சொல்லுங்க.

சரி, விசயத்துக்கு வர்றேன். மறுநாள் சனிக்கெழம. சனிப்பொணம் தனியாப் போகாதும்பாங்கல்ல, அதனால வெள்ளிக்கெழமையே பொழுது சாயுறதுக்குள்ள எடுத்தாகணும்னு பேச்சு. நானும் அதுக்குத் தகுந்த மாதிரிதான் கெளம்புனேன். தாராபுரத்துல கடை தொறக்கவும் நிறுத்தி, இந்திராணி சேலை எடுத்தா. அரக்குல பச்சைக் கரை. அக்காவுக்குப் பச்சைன்னா உசுராம். அதெல்லாம் அவளுக்குத்தான் ஞாபகம் இருக்கும். பைய மடியில வச்சுக்கிட்டு அழுதுக்கிட்டே வந்தா. நான் கார ஓட்டிக்கிட்டுப் போன்ல ஒரு கண்ணும் ரோட்டுல ஒரு கண்ணுமா வந்தேன். அதுக்கப்பறம் எங்கயும் நிறுத்தல. ஒரு டீ குடிக்கல.

மானாமதுரைக்குள்ள நொழைஞ்சதும் போனு வலப்பக்கம் திரும்பச் சொல்லுச்சு, திரும்புனேன். இடப்பக்கம்னுச்சு, திரும்புனேன். ஒரு சந்துக்குள்ள போயி, "நீங்கள் சேருமிடத்தை அடைந்துவிட்டீர்கள்"னு சொல்லி நின்னுருச்சு. தமிழ்ல பேசுற மாதிரி வச்சிருக்கேன். பாத்தா ஒரு கடை. உள்ள ஐஸ் பெட்டிய வரிசையா அடுக்கி வச்சிருக்கான், வாசல்ல மாலை தொங்குது. எனக்கு ஒண்ணும் புரியல. அப்பறந்தான் தெரிஞ்சது. காலையில நான் காரெடுத்துட்டு போன்ல அவன் இருக்குற எடத்தக் காட்டுற புள்ளிய அமுக்குன நேரம், அம்மாவ வைக்கப் பெட்டி எடுக்க போஸு அங்க வந்துருக்கான். போனு அந்த எடத்தப் புடிச்சுக்கிச்சு. அதுமேல தப்பு சொல்ல முடியுமா? அவன் நின்ன எடத்தத்தான அது காட்டும்?

போன் போட்டேன். போஸு எடுக்கல, அவன் கூட்டாளி ஒருத்தன் எடுத்தான். "அண்ணே, போஸு நீர்மாலைக்குத் தண்ணி எடுக்க வந்துருக்கான், போனு எங்கிட்டக் குடுத்துட்டான். நீங்க எங்க வர்றீங்க? போஸு அப்பா கேட்டுக்கிட்டே இருக்காரு"ன்னான். பொணத்தக் குளிப்பாட்டத் தண்ணி எடுக்கப் போயாச்சுன்னா அடுத்து கோடிதான், ஒங்களுக்குத் தெரியும். எனக்குப் பதறிப்போச்சு. "வந்துட்டேம்ப்பா, ஊருக்குள்ளதான் இருக்கேன், இன்னும் பத்து நிமிசத்துல வந்துருவேன். காலையில போட்டது நின்னுபோச்சு, நீ லொக்கேசன மட்டும் மறுபடி போடு"ன்னேன். ஐஸ் பெட்டிக் கடையில நிக்கிறேன்னு எப்படிண்ணே சொல்றது? நாலு பேரு இருக்குற எடத்துல, பொறந்த வீட்டுக்காரன் வழி தெரியாம நிக்கிறான்னு ஆகிறாதா?

அங்கருந்து கெளம்பி டவுனத் தாண்டி வந்தோம். ஒரு அய்யனார் கோயில் வந்துச்சு. இந்திராணி சொன்னா, "ஏங்க, இதுதாங்க ரோடு ரெண்டாப் பிரியுற வெலக்கு. நெறமாசமா இருக்கயில என்னைய அண்ணி இந்தக் கோயில்லதான் உக்கார வச்சுத் தண்ணி குடுத்தாக. இப்படியே நேராப் போனா வீடு வந்துரும்"ன்னு. போனு இடப்பக்கம்னுச்சு. நான் இடப்பக்கம் திரும்பிட்டேன். நீங்களே சொல்லுங்க, இவ கர்ப்பமா இருக்கயில தண்ணி குடிச்ச எடத்த நம்பிப் போறதா, வானத்துலருந்து பாத்துச் சொல்றத நம்புறதா?

"ஒரு ஆளக் கேட்டுட்டாவது போவோம்"ன்னா. ரோட்டோரத்துல நாலஞ்சு பொம்பளைங்க களை வெட்டிட்டு வந்துக்கிட்டு இருந்தாங்க. அக்கா வீட்டுக்கு வழி எதுன்னு தம்பி நின்னு கேக்குறதா? அதுக நாளைக்கு ஊரு பூராம் சொல்லிச் சிரிக்காதா? வாய மூடுடின்னேன். மூடிக்கிட்டா. அன்னைக்கு மூடுன வாயி, இன்னும் சரியாத் தொறக்கல எங்கிட்ட.

கம்மாக்கரை மேல ஏறி, கருவேலங்காட்டுக்குள்ள எறங்கி, அது போன போக்குல போனோம். முந்துன நாளு மழை பேஞ்சுருக்கு போல. கரிசமண்ணு. சக்கரம் பொதைஞ்சுருச்சு. இந்திராணி எறங்கித் தள்ளுனா, நான் உள்ளருந்து ஆக்சிலேட்டர மிதிச்சேன். எப்படியோ ஏறுச்சு, சைலன்சரு போச்சு. அந்தக் காருதான் இன்னும் ஒர்க்ஷாப்புல கெடக்கு, அதனாலதான் இன்னைக்கு பஸ்ஸு. ஒருவழியாப் புள்ளி இருந்த எடத்துக்குப் போய்ச் சேந்தா, ஒரு மோட்டார் ரூம்பு. போஸு தோட்டம். ஆளில்ல. தரையெல்லாம் ஈரமா இருந்துச்சு. செவ்வந்திப் பூவு பிஞ்சு கெடந்துச்சு. தண்ணி எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க.

போன்ல டவர் சுத்தமா இல்ல. புள்ளி அப்படியே ஒறைஞ்சு நிக்குது.

அப்பத்தான் கொட்டுச் சத்தம் கேட்டுச்சு. நல்லாவே கேட்டுச்சுண்ணே, பொய் சொல்லக் கூடாது. தப்பும் உறுமியும் அடிக்கிறது காத்துல வருது. இந்திராணி அழுதுட்டா. "ஏங்க, அண்ணிக்குத்தாங்க கொட்டுறாக. அந்தா அந்தப் பக்கம். கார விட்டுட்டு இந்தச் சத்தத்தப் புடிச்சே நடந்து போயிருவோங்க. கோடியக் கையில எடுத்துக்கிட்டு வாங்க"ன்னு எங்கையப் புடிச்சு இழுத்தா. வரப்பு வழியா நடந்தா ரொம்பத் தூரம் இருக்காதுதான். ஆனா எந்த வரப்பு? எங்கிட்டு ஏறி எங்கிட்டு எறங்குறது? நடுவுல தண்ணி கெடந்தா? தெரியாம எறங்குறதுக்கு நாம என்ன சின்னப் பிள்ளையா? "சித்த இருடி, டவர் வந்துரும்"னு சொல்லி, மோட்டார் ரூம்புத் திட்டுல ஏறி நின்னு, போன ஒசக்கத் தூக்கிப் புடிச்சேன். அவ வரப்புல பாதி தூரம் போயிட்டுத் திரும்பி வந்தா. பொம்பள தனியாக் கோடி கொண்டு போக முடியாதுல்ல, நான்ல போகணும்.

கொட்டு ஓயாம அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. நான் கையத் தூக்கிக்கிட்டே நின்னேன்.

டவர் வந்துச்சுண்ணே. வரத்தான செய்யும்? நான்தான் சொன்னேன்ல? வந்ததும் பாத்தா, போஸு நம்பர்லருந்து வரிசையாக் கூப்புட்டுருக்காங்க. நான் கூப்புட்டேன். இந்தத் தடவ மச்சானே பேசுனாரு. அக்கா புருசன். அதிர்ந்து பேசத் தெரியாத மனுசன். "மாப்ள, எங்கப்பா இருக்க? பொழுது எறங்குது. எல்லாரும் ஒன் மொகத்தத்தான் பாத்துக்கிட்டு இருக்காக"ன்னாரு. "வந்துட்டேன் மச்சான், பத்து நிமிசம்னு காட்டுது"ன்னேன். "பத்து நிமிசந்தானப்பா? சரி, இருக்கச் சொல்றேன்"னாரு. சொன்னாரா இல்லையா? சொன்னவரு இருந்துருக்கணுமா இல்லையா?

நான் உடனே கெளம்பிட்டேன். அது காட்டுன பாதை போயி ஒரு வாய்க்கால்ல முட்டிக்கிச்சு. பாலம் ஒடைஞ்சு கெடக்கு. கரையில திருப்ப எடமில்ல, பின்னாலயே வரணும். கழுத்தத் திருப்பித் திருப்பி வந்துக்கிட்டு இருக்கயில இந்திராணி, "புள்ளி நகருதுங்க"ன்னா. வாங்கிப் பாத்தேன். ஆமா, மெள்ள மெள்ள நகருது. வண்டியில வர்ற வேகமில்ல, நடந்து வர்ற வேகம். எனக்கு ஒரு சந்தோசம் வந்துச்சுண்ணே. "பாத்தியா, என்னைய எதுக்க வந்து கூட்டிக்கிட்டுப் போறதுக்கு வர்றான். மரியாத தெரிஞ்ச பய"ன்னு சொன்னேன். அவ என்னையப் பாத்த பார்வை இருக்கே. கோடிப்பைய எடுத்து மொகத்துல பொத்திக்கிட்டா.

கொட்டுச் சத்தமும் அந்தப் புள்ளி போற பக்கமாத்தான் நகந்துச்சு. அத நான் அப்பக் கவனிக்கல.

நான் பின்னாலயே வந்து ரோட்டப் புடிக்கிறதுக்குள்ள, புள்ளி ஒரு எடத்துல நின்னு ரொம்ப நேரம் ஆயிருச்சு. நேரா அங்க கொண்டுபோய் விட்டுருச்சு போனு. இந்தத் தடவ ஒரு எடத்துலயும் தடங்கல் இல்ல, தார் ரோடு. "நீங்கள் சேருமிடத்தை அடைந்துவிட்டீர்கள்"னுச்சு. ஆலமரம். கம்பி போட்ட கூரை. கீழ பொக பொகஞ்சுக்கிட்டு இருக்கு.

பொம்பளைங்க அங்க வரக் கூடாதுல்ல, இந்திராணி கார்லயே இருந்துட்டா. நான் சேலையப் பிரிச்சுக் கையில எடுத்துக்கிட்டு ஓடுனேன். போஸு மொட்டத்தலையும் ஈர வேட்டியுமா எதுக்க வந்தான். கொள்ளி வச்சவன் திரும்பிப் பாக்கக் கூடாதும்பாங்க. நேரா என்னையத் தாண்டிப் போனான். "போஸு"ன்னேன். அவன் நிக்கல. செதை மேல வரட்டி மூடி, மண்ணு மெழுகி, தீ உள்ள எறங்கிருச்சு. மொகமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அங்க எம் மூஞ்சிக்கு மூஞ்சி இருந்தது நெருப்புத்தான்.

நான் கத்துனேன். இல்லைங்கல. "பொறந்த வீட்டுக் கோடி விழாம எப்படிய்யா எடுத்தீங்க?"ன்னு கத்துனேன். ஊர்ப் பெரியவரு ஒருத்தரு சொன்னாரு, "விழுந்துருச்சப்பா. ஒங்க ஊர்லருந்து இங்க வாக்கப்பட்டு வந்த ராக்குதான் போட்டுச்சு"ன்னு. யாரு இந்த ராக்கு? எங்க ஊருதான், ஆனா எங்க வகையறாகூட இல்ல. அக்கா விழுந்து கெடந்தப்ப கஞ்சி வச்சுக் குடுத்தாளாம், குளிக்க வச்சாளாம், தலை சீவி விட்டாளாம். செஞ்சா, சரி. அதுக்காக, பொறந்த வீட்டு மொறைய அவ செய்யுறதா? தன் மகளுக்குத் தீவாளிக்கு எடுத்து வச்சிருந்த சேலையக் கொண்டாந்து, "எங்க ஊருப் பிள்ளை கோடி இல்லாமப் போகக் கூடாது"ன்னு போத்துனாளாம். எங்கக்கா ஒடம்புல அடுத்தவ சேலை. அதோடதான் வெந்தா.

விழுந்து கெடந்தாளான்னு கேக்குறீங்க. ஆமா, அதுவும் எனக்கு அங்க போயித்தான் தெரியும். வீடியோவுல விட்டந்தான தெரியும்? படுத்துக்கிட்டுப் பேசுறாளா உக்காந்து பேசுறாளான்னு நான் எப்படிக் கண்டேன்?

மச்சான் மெதுவா வந்து எந்தோள்ல கை வச்சாரு. "மாப்ள, அத நெருப்புல போட்டுரு. எழவுக்கு எடுத்த துணியத் திரும்பக் கொண்டுபோகக் கூடாது"ன்னாரு. நான் போடல. அவ மேல போத்தாதத எதுக்கு நெருப்புக்குக் குடுக்கணும்? கொண்டாந்துட்டேன். வீட்டுக்குள்ள ஏத்தக் கூடாதுன்னு இந்திராணி வாசல்லயே மறிச்சுட்டா. கார் டிக்கியிலயே கெடந்துச்சு. இன்னைக்குக் கருமாதிக்கு அவ மூணு நாளைக்கு முன்னாடியே போயிட்டா, அங்க வேலை இருக்குன்னு. நான் இத எடுத்துக்கிட்டுப் போறேன். படத்துக்கு முன்னாடி வச்சு, நாலு பேருக்கு முன்னாடி கேக்கத்தான் போறேன், ஏன்யா காத்துக் கெடக்கலன்னு.

மச்சானக் கேக்கணும். அன்னைக்குக் கார் வரைக்கும் கூட வந்தாரு. கதவப் புடிச்சுக்கிட்டு நின்னு, என்ன சொன்னாருன்னு நெனக்கிறீங்க? "முந்துன நாளு பொழுதோட ஒங்கக்காவுக்கு நல்லா நெனவு இருந்துச்சு மாப்ள. மாமாவுக்குப் போன் போடவான்னு போஸு கேட்டான். அவதான் வேணாம்னுட்டா. சும்மா சும்மா போன்ல பேசி என்னடா ஆகப் போகுது, அவனுக்கு நம்ம வீட்டுக்கு வழி தெரியாதா, தோணுனா அவனே வந்துருவான்னா. வாசக்கதவச் சாத்த விடல"ன்னாரு.

இத எதுக்குண்ணே எங்கிட்டச் சொல்லணும் அந்த மனுசன்? இருக்குற வேதனை பத்தாதா? நான் கார எடுத்துட்டேன். இந்திராணி மதுரை தாண்டுற வரைக்கும் விக்கி விக்கி அழுதா. நான் ரோட்டப் பாத்து ஓட்டுனேன்.

அக்கா சொன்னதுல தப்பில்லண்ணே. எனக்கு வழி தெரியும். எங்கக்கா வீட்டுக்கு வழி எனக்குத் தெரியாதா? அன்னைக்கு அந்தப் புள்ளிதான் ஒரு எடத்துல நிக்கல.